ஏழாம் பக்கம்

புத்தகம் இப்போது கிடைக்காது.
வேலூரில் அதை அச்சிட்ட கட்டடத்தில்
செல்போன் உறை விற்கிறார்கள்.
ஆகவே ஜெராக்ஸ்.
பக்கம் ஒரு ரூபாய், இவர்களுக்கு எழுபது காசு.
பேரணாம்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை,
ஞாயிறு சாயங்காலம், ஷட்டரை அரைவாசி இறக்கிய பிறகு.

திமிரி கிருபாநிதி எழுதிய ‘கைநாட்டு’,
முப்பத்தெட்டாம் வருஷக் கட்டுரை.
ஊர்ப்பெயரிலேயே திமிர் இருந்ததால்
ஆளுக்குத் தனியாகத் தேவைப்படவில்லை என்பார் கஜபதி வாத்தியார்.
வாராவாரம் இதைச் சொல்வார்.
வாராவாரம் முனவ்வர் மட்டும் சிரிப்பான்.

பதினோரு பக்கம். ஏழாவது இல்லை,
மூலப் பிரதியில் பூச்சி தின்றுவிட்டது.
ஆறாம் பக்கம் இப்படி முடிகிறது:
‘கையெழுத்திடுகிறவனோடு சர்க்கார் பேசுகிறது.
கைநாட்டு வைக்கிறவனைத் தொட்டுப் பார்க்கிறது.
ஆதலால், ஜனங்களே,’
எட்டு இப்படித் தொடங்குகிறது:
‘என்று நான் சொன்னால் கோபிக்கலாகாது.’

நடுவில் என்ன சொன்னார்?
மூன்று வாரம் சண்டை.
எழுதப் படிக்கக் கற்றுக்கொள் என்றிருப்பார், இது வாத்தியார்.
தாளைக் கிழித்துப் போடு என்றிருப்பார், இது முனவ்வர்,
இல்லாவிட்டால் யார் கோபிக்கப் போகிறார்கள்?
லாரி புக்கிங் ஆபீஸ் தேவநேசன்,
பூச்சிக்குப் பிடித்த பக்கம், நல்ல பக்கமாகத்தான் இருக்கும் என்றான்.
நான் டோனர் விலையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் ரேஷன் கார்டை நகலெடுக்க வந்த அம்லு
குனிந்து உள்ளே நுழைந்து, நின்று கேட்டாள்.
தோல் ஷாப்பில் பதினெட்டு வருஷம்,
முதலில் சுண்ணாம்புக் குழி, பிறகு குரோம் டிரம்.
“மூணாம் பக்கத்துல இன்னாவோ படிச்சீங்களே,
இன்னொரு வாட்டி படிங்க.”
வாத்தியார் படித்தார்:
‘தோல் பதனிடும் தெருவை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து
ஜனங்களைக் காணச் சென்றேன்.’
“அந்தத் தெருவுல இருந்தது யாரு? ஜனங்க இல்லியா?”

ஃபேன் சுற்றியது.
வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார்.
அது அந்தக் காலம் அம்மா, என்று ஆரம்பித்தார்.
“காலத்துக்கு ஏதுங்க மூக்கு? அவருக்கு இருந்துச்சு.”

ஆனாலும் அவள் கிளம்பவில்லை.
ஆறாம் பக்கத்தை மறுபடி கேட்டாள்.
“இது சரி,” என்றாள்.
“இப்போ தொட்டுப் பாத்துட்டு, நீ இல்லேங்குது.”

மூன்று மாசமாய் ரேஷன் கடை மிஷின்
அவள் விரலை ஏற்கவில்லை.
வலது, இடது, துடைத்து, எண்ணெய் தடவி,
முந்தானையில் தேய்த்து, மறுபடி.
சிவப்பு விளக்கு.
ஓடிபி வரும் போன் மகனிடம், மகன் ஓசூரில்.

முனவ்வர் துள்ளினான்:
பார்த்தீர்களா, எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே மனுஷன்...
“அவருக்கு இந்த மாசம் அரிசி வேணாம். எனக்கு வேணும்.”

பிறகு மிஷின் மூடியைத் தானே தூக்கி
கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தாள்.
அமுக்கு, என்றாள் என்னிடம்.
பச்சை வெளிச்சம் அவள் விரலடியில் ஒருமுறை ஓடியது,
பாலாற்றில் எப்போதாவது தண்ணீர் வருவது போல.

மூடாத மிஷினின் கறுப்பு நடுவே
முட்டை வடிவில் ஒரு வெளிறல்.
ஒரு கோடு இல்லை.

வட்ட வழங்கல் அலுவலருக்குத் தேவநேசன் மனு எழுதினான்.
இணைப்பு: ஒன்று.
கிருபாநிதியின் மேற்கோள் சேர்க்கலாம் என்றார் வாத்தியார்.
வேணாம் என்றாள்.
கடைசி பஸ் ஹாரன் அடித்ததும்,
“சரி, அந்தத் தொட்டுப் பாக்குற வரி மட்டும். பேரு போடாதீங்க.”

அவளிடம் கேட்டுத்தான் இன்னொரு நகல் எடுத்தேன்.
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வைத்துப் பின் அடித்தேன்.
இப்போது யார் கேட்டாலும் பதினோரு பக்கமும் இருக்கிறது.
ஏழுக்குக் காசு வாங்குவதில்லை.

மனுவுக்குப் பதில் வரவில்லை.
மூன்றாம் பக்கம் வரும்போது
வாத்தியாரின் குரல் கொஞ்சம் இறங்குகிறது,
அம்லு வந்திருந்தாலும், வராவிட்டாலும்.